ஸ்டார்வ்ட் என்றால் பசி என்றே நினைத்திருந்தேன்

ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்தும் டீச்சர் வேலை கிடைக்கவில்லை. திருவண்ணாமலையில் தங்கியிருக்கும் வெளிநாட்டு முதியவர்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனேன். காலையில் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ், சாயங்காலம் அதே பஸ். மருந்து கொடுப்பது, டாக்டர் சொல்வதை அவர்களுக்கும் அவர்கள் சொல்வதை டாக்டருக்கும் எடுத்துச் சொல்வது, இதுதான் வேலை. இங்கிலீஷ் தெரிந்தவள் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

நான் கடைசியாகப் பார்த்துக்கொண்ட வெளிநாட்டுக்காரர், எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு இங்கிலாந்துக்காரர். செங்கம் ரோடு பக்கம் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் பல வருடங்களாகத் தனியாக இருந்தார். வீட்டுக்கார அம்மா மாடியில் இருந்தார். வடக்கு இங்கிலாந்தில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, தெற்கே போய்ப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பேசினால் ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல ஒவ்வொரு சொல்லும் தனியாகக் காதில் விழும். நான் அவரை சார் என்றுதான் கூப்பிடுவேன்.

கார்த்திகை தீபக் கூட்டம் கலைந்த வாரத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. பத்து நாள் கழித்து வீட்டுக்கு அழைத்து வந்தபோது அவரிடம் மிஞ்சியிருந்தவை மூன்று சொற்கள். ஒன்று 'நோ'. ஒன்று அவர் தங்கையின் பெயர். மூன்றாவது 'ஸ்டார்வ்ட்'. அதையும் முன்புபோலச் சுத்தமாகச் சொல்லாமல், வாயை அகலத் திறந்து, இழுத்து, எனக்குப் பழக்கமில்லாத ஒரு குரலில் சொன்னார். வாய் கோணியதால் அப்படி வருகிறது என்று நினைத்தேன்.

முதல் தடவை அதைக் கேட்டபோது சந்தோஷப்பட்டேன். பசிக்கிறதாமே! ஓடிப்போய்க் கஞ்சி காய்ச்சினேன். ஒரு வாய் வாங்கிவிட்டு இடது கையால் கிண்ணத்தைத் தள்ளினார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதையே சொன்னார். இட்லியைப் பாலில் கரைத்துக் கொடுத்தேன். அதையும் தள்ளினார். வாழைப்பழத்தைத் துப்பினார். சூப் என் புடவையில் கொட்டியது. ஒருநாள் பொறுமை இழந்து, "வேணும்னு கேக்கறீங்க, குடுத்தா துப்பறீங்க, நான் என்னதான் பண்றது?" என்று தமிழில் கத்திவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மார்கழிக் குளிர் தொடங்கியிருந்தது. காலையில் அந்த அறையின் டைல்ஸ் தரையில் கால் வைக்க முடியாது. ஆனாலும் ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வீட்டுக்கார அம்மா ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஃபேன நிறுத்திடாதம்மா. அவங்க பனியிலயே பொறந்து வளந்தவங்க, நம்ம ஊரு புழுக்கம் தாங்கமாட்டாங்க" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

எடை குறைந்துகொண்டே போனது. மறுபடியும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

"பசிக்குதுன்னு சொல்லிக்கினே இருக்காரு சார். ஆனா வாயில வெச்சா துப்பிடறாரு" என்று டாக்டரிடம் சொன்னேன்.

"ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு முழுங்க வராதும்மா. மூக்கு வழியா டியூப் போட்டுடலாம். வீட்டு ஆளுங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுடுங்க."

தங்கைக்குப் போன் செய்தேன். இன்னும் அந்தச் சுரங்க ஊரிலேயே இருக்கும் எழுபது வயதுப் பெண்மணி. விமானப் பயணம் அவருக்கு முடியாது. "உங்கள் அண்ணன் பசிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார், சாப்பிட முடியவில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் அழுதுகொண்டே, டாக்டர் சொல்வதைச் செய்யுங்கள் என்றார். அண்ணன் வாயிலிருந்து வந்த சொல்லை நான் சொல்லவில்லை. 'ஹங்ரி' என்று அதன் பொருளைச் சொன்னேன். அதுதானே என் வேலை.

டியூப் போட்டார்கள். அதைப் பிடுங்காமல் இருக்க நல்ல கையைக் கட்டிலின் கம்பியோடு துணியால் கட்டினார்கள். ஏசி வார்டு. காற்று நேராக அவர் மேல் அடித்தது. வலது பாதத்தைத் தொட்டேன், கல்போல இருந்தது. நர்ஸிடம் கேட்டேன்.

"வெளங்காத பக்கம் அப்படித்தான்க்கா, சில்லுனு இருக்கும்" என்றாள். இடது பாதத்தை நான் தொட்டுப் பார்க்கவில்லை.

டியூப் வழியாகக் கஞ்சித் தண்ணீர் இறங்கிய பிறகும் அவர் என்னைப் பார்த்து அதையே சொன்னார். "இன்னும் பசிக்குதாம்" என்றேன். அளவைக் கூட்டினார்கள். மறுநாள் வாந்தி எடுத்தார். நுரையீரலில் சளி கட்டிக்கொண்டது. நான்காம் நாள் மத்தியானம் இறந்துபோனார். எப்படியும் நடந்திருக்கக்கூடியதுதான் என்றார் டாக்டர். இருக்கலாம்.

தகனம் முடிந்த மறுநாள் தங்கை வீடியோ காலில் வந்தார். "கடைசியாக என்ன சொன்னான்? அவன் சொன்னதை அப்படியே சொல்" என்றார். நான் அந்தச் சொல்லை, சார் இழுத்த மாதிரியே இழுத்துச் சொன்னேன்.

தங்கை கேட்டார்: "அவனுக்கு யாரும் கம்பளி போர்த்தவில்லையா?"

எனக்குப் புரியவில்லை.

"எங்கள் ஊரில் அதற்குக் குளிர்கிறது என்று அர்த்தம். குளிரில் விறைக்கிறேன் என்று அர்த்தம். எங்கள் அம்மா அப்படித்தான் சொல்வாள். அவன் தெற்கே போனதும் அந்தப் பேச்சையெல்லாம் விட்டுவிட்டான்."

கையைக் கட்டியதையும் அவர் கேட்காமலே சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் போனை வைத்துவிட்டார்.

அன்று பரணிலிருந்து என் எம்.ஏ. நோட்டுகளை இறக்கினேன். ஆங்கில மொழி வரலாறு என்று ஒரு பேப்பர் எங்களுக்கு உண்டு. சொற்களின் பொருள் காலப்போக்கில் எப்படிச் சுருங்குகிறது என்பதற்கு உதாரணமாக, என் கையெழுத்திலேயே இருந்தது. ஆதியில் 'ஸ்டார்வ்' என்றால் வெறுமனே சாவது. ஜெர்மன் மொழியில் அதன் உறவுச் சொல்லுக்கு இன்றைக்கும் அதுதான் பொருள். பின்னாளில் பசியால் சாவது என்று சுருங்கியது. பரீட்சையில் இதை எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். வடக்கே அந்தச் சொல் வேறு பக்கம் திரும்பி, குளிரால் சாவது என்று ஆகி, வீடுகளுக்குள் பேச்சில் உயிரோடு இருந்தது என் நோட்டில் இல்லை. நாமும் பசியில் செத்தேன் என்கிறோம், குளிரில் செத்தேன் என்கிறோம். அவருடைய ஊரில் குளிர் என்ற பாதியைச் சொல்லாமலே புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

இரண்டு வாரம் கழித்துத் தங்கையிடமிருந்து வாட்ஸப்பில் செய்தி வந்தது. சின்ன வயதிலிருந்தே அவனுக்குக் குளிர் ஆகாது, உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதியிருந்தார்.

நன்றி என்று எழுதி அழித்தேன். மன்னியுங்கள் என்று எழுதி அதையும் அழித்தேன். கடைசியில், "அந்தச் சொல்லின் வரலாற்றை நான் படித்திருக்கிறேன். அவருடைய இடது காலையும் தொட்டுப் பார்த்திருந்தால் படிக்காமலே தெரிந்திருக்கும்" என்று எழுதி அனுப்பினேன். அவர் படித்துவிட்டதற்கான நீல நிறக் குறி அன்றே வந்தது. பதில் இன்னும் வரவில்லை.