பாப்பாயி அக்கா காட்டிய காது

பாப்பாயி அக்கா கருமத்தம்பட்டியில் பன்னிரண்டு வருடம் விசைத்தறி ஓட்டியவர். அந்தச் சத்தம் அவர் காதில் பாதியைத் தின்றுவிட்டது. எங்கள் கோவைக் கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்துக்கு அவர் அட்டெண்டராக வந்தபோது, கூப்பிட்டால் கேட்காத ஆளை வைத்து என்ன செய்வது என்று அங்கே பாடம் நடத்திய நான்தான் முதலில் முணுமுணுத்தேன். ஒரே மாதத்தில் வாயை மூடிக்கொண்டேன். தவளை, வெட்டுக்கிளி, இரவில் கத்தும் சுவர்க்கோழிப் பூச்சி, எதைக் கேட்டாலும் மறுநாள் பாட்டிலில் இருக்கும்.

சுவர்க்கோழிக்குக் காது முன்னங்காலில், முழங்காலுக்குக் கீழே என்று லென்ஸில் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"எனக்கும் அங்க இருந்திருந்தா தறிச் சத்தம் படாம சீலைக்குள்ள மறைச்சு வெச்சிருப்பனுங்க மேடம்!"

1996 மார்ச்சில் செய்முறைத் தேர்வு வந்தது. நான்கு வருடமாகத் தற்காலிக வேலையில் இருந்தவரை ஜூனில் நிரந்தரமாக்குவதாகத் துறைத்தலைவர் ரங்கநாயகி சொல்லியிருந்தார். அக்காவுக்கு எந்நேரமும் அதே நினைப்பு. மறுபடி தறிக்குப் போக அவருக்கு உடம்பிலும் தெம்பில்லை, மனசிலும் தெம்பில்லை.

வெளியூர்த் தேர்வாளர் அழகிரிசாமி, லோகப்பிரியா என்ற மாணவியிடம் சுவர்க்கோழியை நீட்டி, "இதுக்குக் காது எங்கம்மா?" என்றார். அவள் கையிலிருந்த ஊசி தலைப் பக்கமே சுற்றியது. தட்டோடு பக்கத்தில் நின்ற அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

தறிக்குடோனில் யார் குரலும் யாருக்கும் எட்டாது. அங்கே எல்லோரும் குரலில்லாமல் உதட்டை அசைத்தே பேசிக்கொள்வார்கள். லோகப்பிரியாவும் தறிக்காரர் வீட்டுப் பெண்தான். அக்கா உதட்டை மட்டும் அசைத்தார்: "முன்னங்காலு, கண்ணு. முட்டிக்குக் கீழ."

ஊசி சட்டென்று சரியான இடத்தில் நின்றது.

அழகிரிசாமி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார். அவரும் உதட்டை மட்டும் அசைத்தார்: "எங்கூட்லயும் எட்டுத் தறிங்க."

அக்காவுக்கு உயிரே போய்விட்டது. நாலு வருடம் பட்ட பாடெல்லாம் போச்சு என்று நினைத்தார்.

அழகிரிசாமி சுவர்க்கோழியை ஒதுக்கிவிட்டு வெட்டுக்கிளியை எடுத்து வைத்தார். அக்கா முந்தானையால் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். இந்த முறை லோகப்பிரியா யாரையும் பார்க்கவில்லை. இறக்கையைத் தூக்கி, வயிற்றோரம் பளபளத்த சின்னக் காதுச் சவ்வைத் தொட்டுக் காட்டினாள். அதற்குத்தான் மதிப்பெண் விழுந்தது.

"ஏதாச்சும் பிரச்சனைங்களா சார்?" என்றார் ரங்கநாயகி.

"ஒண்ணுமில்லீங்க. பூச்சியெல்லாம் ஒரு காலுகூட ஒடியாம புடிச்சு வெச்சிருக்காங்க. இந்த மாதிரி ஆள உட்றாதீங்க."

பக்கத்திலேயே நின்றும் எனக்கு எதுவும் தெரியவில்லை. நிரந்தர உத்தரவு கைக்கு வந்த பிறகுதான் அக்கா எல்லாவற்றையும் சொன்னார். அன்று அழகிரிசாமி வாசல்வரை போய்த் திரும்பி நின்று, மறுபடியும் உதட்டாலேயே ஒன்று சொன்னாராம்:

"இனிமே பரிச்சையில இப்பிடிச் சத்தம் போடாதீங்க, அம்மணி."