கேரி தீவில் பிடுங்கக் கூடாத செடிகள்

சனிக்கிழமை காலை 7.10. பிரிக்பீல்ட்ஸில் ஒரு ரொட்டி சானாயை அவசரமாக விழுங்கிவிட்டு கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு ஓடினேன். கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயிலில் ஒரு மணி நேரம். அங்கிருந்து பாலம் கடந்து கேரி தீவின் கடலோரத்துக்கு ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். கிராப் வாடகைக் காருக்கு நாற்பத்தைந்து ரிங்கிட் வெள்ளி.

"கடல் பாக்கவா அக்கா? அங்க மணலே இல்லலா, முழுக்கச் சேறு," என்றார் ஓட்டுநர்.

"சேத்துல மரம் நடத்தான் போறேன்."

என் வெள்ளைச் சட்டையைக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சிரித்ததில் தப்பே இல்லை.

9.00. லெட்சுமி அக்கா மண்கரையின் மேல் காத்திருந்தார். தோழி மூலம் அறிமுகமானவர். எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் முப்பது வருடம் புல் வெட்டி ஓய்வு பெற்றவர். மாதம் ஒருமுறை, கடல் நன்றாக வற்றும் நாளில், அக்கம்பக்கத்தார் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு பாக்காவ் என்ற அலையாத்தி மரக் கன்று நடுகிறார். கடல் கரையைத் தின்றுகொண்டே வருகிறது. கரைக்கு இந்தப் பக்கம், நாற்பதடி தள்ளித் தோட்டத்து மயானம். அக்காவின் கணவர் அங்கேதான் இருக்கிறார்.

"கரை போச்சுன்னா அவரும் போயிருவாரு," என்றார், சாதாரணமாக.

9.40. முழங்கால் வரை சேறு. கன்று என்பது பாக்காவின் முளைவிட்ட விதைதான்; முருங்கைக்காய் போல நீளம். கூர்முனை கீழே இருக்கும்படி ஊன்றி மூங்கில் குச்சியோடு கட்ட வேண்டும். கட்டி முடித்ததும் நான் சும்மா இருந்திருக்கலாம். தோட்டத்தில் பிறந்த கையாயிற்றே! கன்றுகளைச் சுற்றித் தானாக முளைத்திருந்த காட்டுச் செடிகளைக் களை என்று பிடுங்கத் தொடங்கினேன்.

"ஐயையோ, பிடுங்காதம்மா!"

அதற்குள் நான்கு செடிகள் போய்விட்டன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்காவோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"போன வருசம் நானும் இதே கூத்துதான் பண்ணேன். கன்னச் சுத்திப் புல்லே இருக்கக்கூடாதுன்னு தோட்டத்துல வேலை வாங்குற மண்டோர் கத்துனது மண்டையிலேயே நின்னுருச்சு. எல்லாத்தையும் சுத்தமா பிடுங்கிட்டேன். ஒரே வாரம், மொத்தக் கன்னையும் அலை அள்ளிட்டுப் போச்சு. இந்தச் சின்னதுங்கதான் சேத்தப் பிடிச்சு வைக்குதுங்க."

பிடுங்கிய நான்கையும் இருவரும் மறுபடி ஊன்றினோம். அடுத்த வரிசையில் ஜனவரியில் நட்டவை இடுப்புயரம் வந்திருந்தன. அவற்றைச் சுற்றி ஒரே காடு. அக்கா ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார்.

12.15. தண்ணீர் ஏறத் தொடங்கியது. மற்றவர்கள் கரையேறிவிட்டார்கள். கிராப் காரும் வந்து ஹார்ன் அடித்தது.

"கரை தாங்குமா அக்கா?"

"தாங்கணும்மா." மயானத்துப் பக்கம் பார்த்தார். "அவருக்கு நீச்சல் தெரியாது. போட்டுல ஏறுனாலே என் கையை விடமாட்டாரு."

கூடையில் இன்னும் மூன்று கன்றுகள் மிச்சமிருந்தன. காரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு மறுபடி சேற்றில் இறங்கினேன்.