வாரியை மூடிப் போட்ட பாதை

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனால் குளத்தூர்ப் பக்கம் போர் போட வேண்டுமென்றால் என் லாரியைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் ஊரில் இன்றைக்கு இத்தனை மாடி வீடுகள் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் நான் இறக்கிய குழாய் இருக்கிறது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

பக்கத்து ஊர் என் மனைவி பிறந்த ஊர். அதே செம்மண், அதே மழை. இரண்டு ஊர்க் கண்மாய்க்கும் ஒரே வாரிதான் மழைத் தண்ணீரைக் கொண்டுவரும். ஆனால் அங்கே இன்னும் ஓட்டு வீடுகள். ஆடி மாதம் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து வாரியைத் தூர்வார வேண்டும். வராத வீட்டுக்குக் கண்மாய் மீனில் பங்கில்லை. நாங்கள் அதையெல்லாம் என்றைக்கோ விட்டோம். சுவிட்சைத் தட்டினால் தண்ணீர், மண்வெட்டி எதற்கு? என் தோப்புக்கு லாரி போக வழியில்லை என்று, எங்கள் கண்மாய்க்குப் பிரியும் வாரியை மண்ணடித்து மூடிப் பாதை போட்டவனும் நான்தான். ஊரே மெச்சியது.

இந்த வருஷம் தோப்பு மோட்டார் காற்றைத்தான் இறைத்தது. தென்னை மட்டைகள் ஒவ்வொன்றாகத் தொங்கின. நானே நின்று புதுப் போர் போட்டேன். ஆயிரம் அடி போயும் வெள்ளைப் பாறை மாவுதான் பறந்தது.

மச்சினன் பார்க்க வந்தான்.

“என்ன மச்சான், மாவு மில்லு வச்சுட்டீங்களா?”

“சிரி மாப்ள, சிரி. இன்னும் எறநூறு அடியில ஊத்து இருக்கு.”

“கண்மாயில தண்ணி நின்னாத்தானே கீழ ஊறும்? அங்கிட்டுப் பாருங்க, மானம் கறுத்துக் கெடக்கு. பாதைய இப்பவே வெட்டி விட்டுருவோம். எங்க ஆளுக மம்பட்டியோட வாரேங்கிறாங்க.”

“ஒங்க ஊரு மம்பட்டி என் தோப்புக்குள்ள வரக் கூடாது.”

அவன் என் முகத்தையே பார்த்தான். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சாயங்காலம் கொட்டித் தீர்த்தது. வாரியில் சிவந்த தண்ணீர் உருண்டு வந்து என் பாதையில் முட்டியது, சுழன்றது, அப்படியே பக்கத்து ஊர்ப் பக்கம் திரும்பிப் போனது. குடையோடு நின்று பார்த்தேன். நான் போட்ட பாதை. ஒரு கூடை மண்கூடக் கரையவில்லை.

மறுநாள் அவர்கள் கண்மாய் தூரத்தில் பளபளத்தது. எங்கள் கண்மாய்க்குள் ஆடு மேய்ந்தது.

“இன்னும் எறக்கவா மொதலாளி?” என்று டிரைவர் கேட்டார்.

“எறக்குங்க,” என்றேன்.

ஈரத் தரைமேல் வெள்ளை மாவு மறுபடி விழத் தொடங்கியது.