இடது காலுக்கு வேலை

ஓட்டிப் பார்க்கக் கடையில் கொடுத்த மின்சாரக் காரில், அவளுடைய இடது கால் தரையைத் துழாவிக்கொண்டே இருந்தது.

"என்னத்த தொலைச்ச?" என்றான் பக்கத்தில் இருந்த கணவன்.

"கிளச்சத்தான். இத்தனை வருஷமா மிதிச்ச காலு, சும்மா கிடக்குமா?"

கார் ஓட்டக் கற்றுத்தருவது அவள் பிழைப்பு. பழைய வண்டி அடிக்கடி படுத்துவிடுகிறது. ஆனால் இந்த மின்சாரக் காரில் கற்றவர்கள் கியர் வண்டியில் ஏறினால் திருதிருவென விழிப்பார்களே?

"படிக்க வர்றவங்க வீட்ல என்ன வண்டி நிக்குது?" என்றான் அவன்.

"கேட்டதே இல்லையேங்க!"

மறுநாள் வகுப்புக்கு வந்த எல்லாரையும் கேட்டாள். ஒருவரைத் தவிர மற்றவர்கள் வீட்டில் கியர் வண்டிதான். அந்த ஒருவர், எதை வாங்கலாம் என்று அவளையே திருப்பிக் கேட்டார். மாலையில் பழைய வண்டியைப் பட்டறையில் கிளச் மாற்ற விட்டுவிட்டு, பேருந்தில் வீடு திரும்பினாள்.