முதல் பிரதிவாதி சொன்னது

நேற்று மத்தியானம் மதுரை விளாங்குடியில் என் வீட்டு வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. இரண்டு பேர் பிடித்து ஒரு ட்ரங்குப் பெட்டியை இறக்கினார்கள். உள்ளே ஒரு நீதிபதி இருந்தார். பயப்படாதீர்கள், காகிதமாகத்தான். நாட்குறிப்புகள், மாறுதல் உத்தரவுகள், பிரிவுபசார விழாப் படங்கள், யாரோ அச்சடித்துக் கொடுத்த வாழ்த்து மடல்கள். என் மனைவி பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தாள்.

"இன்னொரு ஜட்ஜய்யாவா? இனிமே அவுகள உள்ள வச்சுட்டு நாம வாசல்ல படுத்துக்கிருவோம்" என்றாள்.

மூடியைத் திறந்ததும் அந்துருண்டை வாசம் முகத்தில் அடித்தது. இருபது வருஷமாக இந்த வாசத்தோடுதான் குடித்தனம் நடத்துகிறேன். ஆனாலும் ஒவ்வொரு முறையும் முதல் பெட்டியைத் திறந்த நாளுக்கு அது என்னைக் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. அங்கிருந்து திரும்பி வர எனக்குக் கொஞ்சம் நேரமாகும்.

நான் நீதிபதிகளின் வாழ்க்கை வரலாறு எழுதிப் பிழைப்பவன். இப்படி ஒரு பிழைப்பு இருப்பதே பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் உள்ளே வந்தேன். சரித்திரத்தில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, வருஷா வருஷம் ஆர்டர் புதுப்பிக்கிற தற்காலிக விரிவுரையாளராக ஒரு கல்லூரியில் காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். ஜூன் மாதம் வந்தால் ஆர்டர் வந்துவிட்டதா என்று தினமும் ஆபீஸ் வாசலில் போய் நிற்பேன். அப்போது கே.கே. நகரில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவருக்கு எண்பதாம் கல்யாணம் வந்தது. விருந்தினர்களுக்குத் தாம்பூலப் பையில் தேங்காயோடு அப்பாவின் வாழ்க்கை வரலாற்றையும் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று அவர் மகள் ஆசைப்பட்டார். யாரோ என் பெயரைச் சொல்லிவிட்டார்கள். ஒரு புத்தகம்தானே என்று ஒப்புக்கொண்டேன். அந்தக் கல்யாண மண்டபத்திலேயே அடுத்த நீதிபதியின் மருமகன் என் கையைப் பிடித்துக்கொண்டார். இன்றுவரை விடவில்லை.

இந்தப் புத்தகங்களுக்கு ஒரு அச்சு உண்டு. கண்டிப்பும் கருணையும் ஒருங்கே அமைந்தவர் என்று முதல் பக்கத்தில் வர வேண்டும். சிறுவயதில் வெகுதூரம் நடந்து பள்ளிக்குப் போயிருக்க வேண்டும். எங்காவது ஓர் ஊரில் யாராவது ஒரு கூடை மாம்பழம் கொண்டுவந்து வைக்க, அதை அப்படியே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். நான் எழுதிய அத்தனை நீதிபதிகளும் மாம்பழத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஒருவர் மட்டும் பலாப்பழம். வித்தியாசமாக இருக்கிறதே என்று அவருக்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கினேன். மண்டபங்களில் கரண்ட் போனால் ஆட்கள் என் புத்தகத்தை எடுத்து விசிறிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அட்டை கெட்டி.

முதல் நீதிபதிக்கு வருகிறேன். உண்மையில் நல்ல மனிதர். என்னை எதிரே நாற்காலியில் உட்கார வைத்துத்தான் பேசுவார். காபி வந்தால் முதலில் என் பக்கம் நகர்த்துவார். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் என் வகையறா ஆட்கள் கோர்ட்டு வராந்தாவில்கூட உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அது அவருக்கும் தெரியும். அதனாலேயே அவர்மேல் எனக்கு ஒரு வாஞ்சை உண்டாகிவிட்டது.

ஒரு நாள் சொன்னார்: "நான் முன்சீப்பா சேர்ந்த புதுசுல எழுதின தீர்ப்பு ஒண்ணு இருக்கு தம்பி. புஞ்சை வழக்கு. ஒரு வரிகூட அடிச்சு எழுதல. சட்டத்தத் தவிர வேற எதையும் உள்ள விடல. அது புஸ்தகத்துல வந்துட்டா எனக்குத் திருப்தி."

அவரிடம் பிரதி இல்லை. அவரே ஒரு கடிதம் கொடுத்து என்னை அந்தப் பழைய முன்சீப் கோர்ட்டின் ரிக்கார்டு ரூமுக்கு அனுப்பினார். அங்கேயும் அந்துருண்டை வாசம், கூடவே ஈரச்சுவரும் எலியும். கூரை வரைக்கும் துணிக்கட்டுகள். அங்கிருந்த கிளார்க் நல்ல வாட்டசாட்டமான ஆள். பத்து நிமிஷத்தில் எனக்கு மாமன் முறை ஆகிவிட்டார்.

"மாப்ள, இந்த வரிசை பூரா அழிக்கிற லிஸ்ட்டுல இருக்கு. எப்பவோ போயிருக்கணும், ஆளில்லாம கெடக்கு. தீர்ப்பையும் டிக்ரி உத்தரவையும் மட்டும் வச்சுக்கிட்டு மத்ததக் கிழிச்சிருவோம். வேணுங்கிறத இப்பவே எழுதிக்கங்க" என்றார்.

எனக்கு வேண்டியது தீர்ப்புதான். முதல் புத்தகத்திலேயே எனக்கென்று ஒரு வேலை முறை வைத்திருந்தேன், அதில் பெருமையும் இருந்தது. நீதிபதி எழுதியதைப் படி, நீதிபதி கேட்டதைப் படிக்காதே. வாதி, பிரதிவாதி, சாட்சி என்று எல்லோர் பேச்சையும் படித்துக்கொண்டிருந்தால் ஒரு புத்தகமும் முடியாது. ஆகவே கட்டைப் பிரித்துக் கடைசிக்குப் போனேன். போகிற வழியில் சாட்சி வாக்குமூலங்கள் இருந்தன. தீர்ப்பு இங்கிலீஷ். வாக்குமூலம் தமிழ், யாரோ ஒரு குமாஸ்தாவின் சாய்ந்த கையெழுத்து. முதல் பிரதிவாதி பேசியது மட்டும் நான்கு பக்கம். பக்கத்துக்குப் பக்கம் அடியில் ஒரு கைரேகை. புரட்டிக்கொண்டே போய்விட்டேன். தீர்ப்பை மட்டும் காப்பி எடுத்துக்கொண்டு, கிளார்க்குக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, ஊர் வந்து சேர்ந்தேன்.

என் அம்மா எங்களோடுதான் இருந்தார். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது, ஆனால் நான் புரூப் திருத்தும்போது சத்தம் போட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்பார். ஜட்ஜைப் பற்றி என் மகன் புத்தகம் எழுதுகிறான் என்று ரேஷன் கடை வரிசையில் சொல்லிக்கொண்டிருந்தவர். அன்று முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நான் அந்தத் தீர்ப்பு அத்தியாயத்தை வாசித்தேன். "தெள்ளிய நீரோடை போன்ற நடை" என்றெல்லாம் எழுதியிருந்தேன். அழகுக்காக அந்தப் புஞ்சையின் நான்கெல்லையையும் சேர்த்திருந்தேன். வடக்கே ஓடை, மேற்கே வண்டிப்பாதை, தெற்கே பிள்ளைமார் கிணறு, கிழக்கே ஒற்றைப் பனை.

அம்மாவின் கை நின்றுவிட்டது.

"திரும்ப வாசி."

வாசித்தேன்.

"பிரதிவாதி பேரு என்னன்னு போட்டிருக்கு?"

"பெரியகருப்பன்."

"அது எங்கப்பாய்யா" என்றார்.

நீங்கள் கேட்பது புரிகிறது. சொந்தத் தாத்தாவின் பெயர் தெரியாதா உனக்கு, டாக்டர் பட்டம் வேறு வாங்கியிருக்கிறாய். தெரியாது. எங்கள் பக்கத்தில் வீட்டுப் பெயர் ஒன்று, ரிக்கார்டுப் பெயர் ஒன்று. எனக்கு அவர் நெட்டையத் தாத்தா, நான் பிறக்கும் முன்பே போய்ச் சேர்ந்தவர். ஊரும் அப்படித்தான். டி. கல்லுப்பட்டிக்குத் தெற்கே அம்மா பிறந்த குடியிருப்பை நாங்கள் ஒரு பெயரால் சொல்வோம், சர்க்கார் காகிதம் அதை உள்ளடக்கிய பெரிய கிராமத்தின் பெயரால் சொல்லும். இரண்டும் ஒன்று என்று எனக்கு உறைக்கவில்லை. எத்தனையோ ஆவணத்தை ஆராய்ந்தவன், என் தாத்தாவைத் தோற்கடித்த தீர்ப்புக்கு என் கையாலேயே மாலை போட்டுவிட்டேன்.

அம்மா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கும் வசதியாக இருந்திருக்கும், அந்த அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன். அவர் கேட்டதோ வேறு.

"எங்கப்பா கூண்டுல ஏறி என்னய்யா பேசுனாரு?"

அம்மாவுக்கு அப்போது எட்டு வயது. அது தாத்தா வாய்ப்பேச்சாகக் குத்தகைக்கு எடுத்து உழுத புஞ்சைக் காடு. காட்டுக்குச் சொந்தக்காரர் திடீரென்று, இந்த ஆள் கூலிக்குத்தான் உழுதான், குத்தகையே கிடையாது என்று வழக்குப் போட்டுவிட்டார். தாத்தா ஒரு முழுக் காலைப்பொழுதும் கூண்டில் நின்றாராம்.

"கோர்ட்டுலருந்து நடந்தே வந்தாரு. வந்து மாட்டுக்குத் தண்ணி காட்டுனாரு. என்ன சொன்னீகன்னு எங்க ஆத்தா கேட்டுச்சு. 'சொல்லியாச்சு'ன்னாரு. அம்புட்டுத்தான். காடு போயி, குடும்பத்தோட கூலிக்குப் போனோம். சாகுற வரைக்கும் அதுக்கு மேல ஒரு சொல்லு அவரு வாயில வரல. நீதான் அந்தக் காயிதத்தப் பாத்தவனாச்சே. என்ன சொன்னாரு?"

தீர்ப்பில் அதற்கு ஒரே வரிதான் இருந்தது. முதல் பிரதிவாதியின் சாட்சியம் நம்பும்படி இல்லை. அதை நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன்.

மறுநாளே ரிக்கார்டு ரூமுக்கு ஓடினேன். அந்த வரிசை இருந்த இடத்தில் சுவர் தெரிந்தது. "போன வெள்ளிக்கிழமையே லாரில ஏத்தியாச்சு மாப்ள. அன்னைக்கே எழுதிக்கங்கன்னு சொன்னேன்ல?" என்றார் கிளார்க். சொல்லியிருந்தார்தான்.

அங்கிருந்து நேரே நீதிபதி வீட்டுக்குப் போனேன். பக்கத்தை எடுத்து நீட்டி, ஒரு சந்தேகம் அய்யா, இந்த முதல் பிரதிவாதி என்ன சொன்னார் என்று நினைவிருக்கிறதா என்று கேட்டேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். தன் எழுத்தைப் படிக்கிற சந்தோஷம் முகத்தில் தெரிந்தது.

"ஆதாரம் ஒண்ணும் இருந்திருக்காது தம்பி. வெறும் வாய்ப்பேச்சா இருந்திருக்கும்."

அந்த வாய்ப்பேச்சுதான் அய்யா எனக்கு வேண்டும் என்று நாக்கு வரை வந்தது.

"ஏன், அந்த ஆளோட வகையறா யாரும் வந்து கேட்டாங்களா?" என்றார்.

"இல்லைங்கய்யா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக யோசித்துப் பார்க்கிறேன். விழாவுக்கு ஐந்து நாள் இருந்தது, அச்சகத்தில் வேலை தொடங்கிவிட்டது, அந்த மகள் என்னை நம்பியிருந்தார் என்று காரணம் அடுக்கலாம். எல்லாம் உண்மை. ஆனால் நாற்காலியில் உட்கார வைத்துக் காபி கொடுத்த மனிதரிடம், நான்தான் அந்த வகையறா என்று சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. எழுந்து நின்றுவிட வேண்டியிருக்குமோ என்ற பயம். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. நான் அப்படிப்பட்டவனாக இருந்தேன். அத்தியாயம் ஒரு எழுத்தும் மாறாமல் அச்சாகி, தேங்காயோடு பையில் போனது.

அம்மா விடவில்லை. சாப்பாடு போடும்போது கேட்பார், துணி காயப்போடும்போது கேட்பார். "பாத்துட்டு வந்தியாய்யா?" வீட்டுக்குள் நுழையவே எனக்குத் தயக்கமாகிவிட்டது. அழகர்கோவில் பஸ்ஸில் ஏறிக் காரணமில்லாமல் மலையடிவாரம் வரை போய்த் திரும்பிய நாள்கூட உண்டு. இல்லை, நான் படிக்காமல் புரட்டிவிட்டேன், இப்போது கிழித்துவிட்டார்கள் என்று சொன்னால் முடிந்தது. அதைத் தவிர வேறு எல்லாவற்றையும் சொல்ல எனக்கு வார்த்தை இருந்தது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இட்லித் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு சொன்னேன்.

"தாத்தா சொல்லியிருக்காரும்மா. 'எசமான், நான் இந்தக் காட்டுல கால வச்சப்ப இந்தப் பனை முழங்கால் ஒசரம். இப்ப எம்புட்டு ஒசரம்னு வந்து அண்ணாந்து பாத்துட்டு, அப்பறம் நான் கூலியான்னு எழுதுங்க'ன்னு."

நீதிபதிக்கு மாம்பழக் கூடை செய்து கொடுத்த கை. அரை நிமிஷத்தில் வந்துவிட்டது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு எழுந்து போய் என் மாமாவுக்குப் போன் போட்டார். அவர் மதுரைக்கு வந்து என் வாயால் ஒருமுறை கேட்டுவிட்டுப் போனார்.

அது பரவிவிட்டது. காதுகுத்தில், வளைகாப்பில், எங்கள் வகையறா கூடுகிற இடத்திலெல்லாம் யாராவது ஒருவர் அந்தப் பனையைச் சொல்லாமல் பந்தி கலையாது. மாமா பேத்தி வக்கீலுக்குப் படிக்கிறாள். பேச்சுப் போட்டியில் அதைச் சொல்லிக் கப் வாங்கி வந்து என் காலில் விழுந்தாள். நான் ஆசீர்வாதம் செய்தேன். வேறென்ன செய்ய? ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு சொல் கூடுகிறது. இப்போது தாத்தா கோர்ட்டில் கைதட்டு வாங்கியிருக்கிறார். எல்லோரும் சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள், நேரில் படித்தவன் நான்தானே. நானும் தலையாட்டுவேன்.

அம்மா படுக்கையில் விழுந்த பிறகு ஒரு மத்தியானம் நான் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு கரண்டி குடித்துவிட்டுப் போதும் என்று கையைக் காட்டினார்.

"அந்தப் பனை எங்கப்பா பொறக்கிறதுக்கு முந்தியே காய்ச்ச மரம்யா" என்றார்.

எனக்குக் கரண்டியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"அன்னைக்கே தெரியுமாம்மா?"

"தெரியாமயா? நான் அதுல பழம் பொறக்குனவ." என் கையைப் பிடித்துக்கொண்டார். "இருக்கட்டும். நல்லாத்தான் பேசியிருக்காரு."

அதற்கப்புறம் பார்க்க வந்த உறவுக்காரர்களிடமும் அந்தப் பேச்சை அவர் சொல்லிக்கொண்டுதான் இருந்தார், எனக்கு முன்னாலேயே.

அம்மா போய்விட்டார். நீதிபதி அதற்கு முன்பே போய்விட்டார். அந்தக் காடு பிளாட்டாகிக் கல் நட்டிருக்கிறார்கள், பனை இல்லை. தாத்தா அன்று நான்கு பக்கத்துக்குப் பேசியதில் ஒரு சொல்லும் இப்போது பூமியில் இல்லை. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவர் சொன்னது மனப்பாடம். ஆகவே அவர் என்னதான் சொன்னார் என்று கேட்க, இனி ஒரு ஆளும் இல்லை.