அப்பா வேண்டாம் என்ற வார்த்தை

இன்று ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் எனக்கு இரண்டு துணிக்கடைகள். படித்தது நாலே வருடம். அந்த நாலு வருட ஆங்கிலத்துக்கே காஜா பெராங்கில் எங்கள் வரிசை வீடுகளில் அத்தனை மதிப்பு. வெள்ளைக்காரன் கடுதாசி வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்போது எனக்குப் பத்து வயது!

மெர்டேக்கா என்கிற சுதந்திரம் நெருங்கவும், அப்பா பட்லராக இருந்த பங்களாவின் துரை ஊருக்குக் கிளம்பினார். கிளம்புகிற துரைமார் வேலையாட்களுக்கு ஒரு சூராட் எழுதித் தருவார்கள். அந்த நற்சான்றைக் காட்டித்தான் அடுத்த வேலை. அரசாங்க விடுதியில் சாமான் அறைக்கு ஆள் தேடினார்கள். அப்பாவுக்கு அதன்மேல் கண்.

கடிதத்தை நான்தான் உரக்கப் படித்தேன். அப்பா 'ஒபீடியன்ட்' என்று எழுதியிருந்தது.

“அப்படின்னா?” என்றார் அப்பா.

“சொன்ன பேச்சு கேக்கறவருப்பா. டீச்சர் வாயில விரல வைன்னா வைக்கணும்ல, அது.”

அம்மா அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள். “பன்னண்டு வருசமா ஸ்டோர் சாவி இவரு இடுப்புல. ஒரு கரண்டி சீனி இந்த வீட்டுக்கு வந்திருக்குமா? அதுக்கு என்னடி வார்த்த?”

“ஆனஸ்ட்,” என்றேன். கண்டெடுத்த மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்த பெண்ணின் கதையைப் பாடத்தில் படித்திருந்தேனே!

“அது இதுல இருக்கா?”

மேலும் கீழும் தேடினேன். இல்லை.

மறுநாள் காலை அப்பா என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பங்களாவுக்குப் போனார். கட்டிவைத்த பெட்டிகளுக்கு நடுவே துரை நின்றிருந்தார். அப்பா 'ஆனஸ்ட்' வேண்டும் என்றதைக் கேட்டுவிட்டு, இரண்டும் நல்ல வார்த்தைதானே என்றார் மலாயில். அவரிடம் எதிர்ப்பேச்சே பேசியறியாத அப்பா, “தா சாமா, துவான்” என்றார். இரண்டும் ஒன்றில்லையாம்! துரை கோபத்தில் காகிதத்தைக் கிழித்துப் போட்டால் விடுதி வேலை என்னாவது?

துரையோ, சரி, இரண்டையும் எழுதித் தருகிறேன் என்று பேனாவை எடுத்தார்.

“எதும்மா அந்தப் பழைய வார்த்த?” என்றார் அப்பா என்னிடம். காட்டினேன். அதன்மேல் விரலை வைத்து, “இத்து தா உசா, துவான்” என்றார். இது வேண்டாம்.

துரை புதிதாக எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தால் பிறகு விடுதிச் சாவியும் அப்பாவின் இடுப்புக்கு வந்தது. ஆனால் அன்று திரும்பும் வழியில் எனக்கு ஒரே எரிச்சல். அப்பாவோ சீட்டியடித்தபடி மிதித்தார். சும்மா கிடைத்த நல்ல வார்த்தை ஒன்றை விட்டுவிட்டு வருகிற மனுஷனுக்கு இதில் என்ன சந்தோஷமோ!