உபதேசியாருக்கு வந்த மரியாதை

குண்டடம் பக்கத்திலிருந்து நல்லூருக்கு முதலில் பிழைக்க வந்தது சுப்பாத்தாள்தான். ஞானஸ்நானத்தில் அவளுக்கு வைத்த பெயர் ரெபேக்காள். பெயர் வைத்த பாதிரி ஐயரைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காட்டு வேலை வற்றிப்போன வருஷம் புருஷன் கன்னையனோடு பனியன் கம்பெனிக்கு வந்தாள். அவளுக்குப் பின்னால் பெரியப்பன் மக்கள், சின்னம்மா மருமகன், கொழுந்தனும் அவன் மாமியார் வீட்டாரும் என்று பாதி ஊரே வந்து இறங்கியது. கடைசியாக வந்தவன் அவள் தம்பி தங்கதுரை. ஆத்தா செத்தபோது அவனுக்கு முழுசாகப் பல்லுகூட முளைக்கவில்லை. அக்காள்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். "டேய் தொர" என்று அவள் ஒரு சத்தம் போட்டால் சந்துக்கு அந்தப்பக்கம் இருந்தாலும் ஓடி வருவான்.

தங்கதுரைக்கு இளவயதில் ஒரு கிறுக்கு இருந்தது. வடநாட்டில் ஊழியம் செய்கிற ஒருவர் ஊர்க் கோயிலுக்கு வந்து, வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, காட்டு ஜனங்களின் படங்களைக் காட்டிப் பேசிவிட்டுப் போனார். அன்றிலிருந்து பையன் சோற்றில் கைவைக்காமல், வடக்கே போகிறேன், கர்த்தர் கூப்பிடுகிறார் என்று நின்றான். "கர்த்தரு கூப்புட்டா எனக்குங் கேட்டிருக்கும். பேசாம சோத்தத் தின்னு" என்றாள் சுப்பாத்தாள். கையோடு கன்னையனின் சித்தப்பன் மகள் சித்ரகலாவைக் கட்டிவைத்தாள். வடக்கு அதோடு அடங்கியது.

ஆனால் அவனுக்குள் அடங்கவில்லை. நல்லூரில் சொந்தக்காரர்கள் சேர்ந்து தகரக் கூரை போட்டு ஒரு ஆலயம் கட்டியபோது அவனே உபதேசியார் ஆனான். வாரமெல்லாம் கம்பெனியில் செக்கிங், ஞாயிறு ஆலயத்தில் வேதம் வாசிப்பு. திருவிருந்து கொடுக்க மாத்திரம் பட்டணத்திலிருந்து ஐயர் வருவார். வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தபசு நாட்களில் 'வடநாட்டு ஊழியக் காணிக்கை' என்று ஒரு பை சுற்றி வரும். அதில் சுப்பாத்தாள் கை என்றைக்கும் தாராளம். தம்பியை அனுப்பாத குறைக்கு அது பரிகாரம் என்று அவள் மனசில் இருந்ததோ என்னவோ.

தங்கதுரை போகாத வடக்கு ஒருநாள் தானே ரயிலேறி வந்தது. அவன் வேலை செய்த கம்பெனியிலேயே பாதி மிஷின் வடக்கத்தியார் கைக்குப் போனது. ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் தைத்துக்கொண்டே ஏதோ பாட்டை முனகினாள். சொல் புரியவில்லை, ராகம் மாத்திரம் நம் ஆலயத்து ராகம். தங்கதுரைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. டீ நேரத்தில் அவள் முன்னால் போய் நின்று, பொறுக்கிச் சேர்த்த இந்தியில், யேசுவைத் தெரியுமா என்று கேட்டான்.

"யேசு கோ ஜான்தாங்களா?"

கொங்கு நாக்கு இந்திக்கும் ஒரு 'ங்க' போட்டு மரியாதை வைத்தது. அவள் டீ புரையேறச் சிரித்தாள்.

"என் தாத்தாவுக்குத் தாத்தாவே தெரியும். நீ எப்போ தெரிஞ்சுகிட்டே?"

சுசீலா திர்க்கி, ஜார்க்கண்டுக்காரி. தங்கதுரை வீட்டார் ஞானஸ்நானம் வாங்கியதே அப்பன் காலத்தில்தான். உபதேசிக்கப் போன உபதேசியாருக்குக் காது சிவந்தது. அவள் 'நீ' என்றதும் சுருக்கென்றது. பிறகுதான் யோசித்தான். இவர்களிடம் யார் 'வாங்க, போங்க' என்றது? சூப்பர்வைசர் கத்துகிற 'நீ வா, நீ போ' தான் அவர்கள் காதில் விழுந்த தமிழ்.

அந்தத் தபசில் சுசீலாவும் அவள் கூட்டத்தாரும் ஆலயத்துக்கு வரத் தொடங்கினார்கள். அவர்கள் பின்பாயில் உட்கார்ந்தால் முன்பாய்க்காரர்கள் இன்னும் முன்னால் நகர்ந்தார்கள். அவ்வளவோடு போயிருக்கும். ஆனால் ஈஸ்டர் நெருங்கியது, திருவிருந்து வந்தது. எங்கள் ஆலயங்களில் திராட்சரசத்துக்கு ஒரே பாத்திரம். வாய்வைத்து ஒரு மிடறு, ஐயர் துணியால் துடைப்பார், அடுத்த ஆள். வடக்கத்தியாரும் அதே பாத்திரத்தில் குடிப்பார்களா என்பதுதான் பேச்சாகிவிட்டது.

சுப்பாத்தாள் தம்பியை வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டாள். கன்னையன் கட்டிலில் இருந்தான். அதே கம்பெனியில் தையலுக்கு ஆள் விடுகிற காண்ட்ராக்ட் அவனுடையது.

"மாப்பிள்ளே, அவங்களுக்கு வேற பாத்திரம் ஒண்ணு வச்சிரு. எவர்சில்வர்ல நானே வாங்கித் தர்றேன்."

"ரெண்டு பாத்திரம் வச்சா அது திருவிருந்தாங்க மாமா?"

"பின்னே? பான்பராக்கு வாயி. அவங்க எச்சலை நாங்க குடிக்கோணுமா?"

"காட்டு வேலைக்குப் போன நம்ம அப்பனுக்குக் காட்டுக்காரப் பண்ணாடி கொட்டாங்குச்சியில தண்ணி ஊத்துனாருங்க. அதை மறந்துட்டீங்களா?"

கன்னையன் முகம் கறுத்தது. அந்தக் கொட்டாங்குச்சியை அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. சுப்பாத்தாள் இடையில் விழுந்தாள்.

"டேய் தொர! செத்த அப்பனை எதுக்குடா இழுக்கறே? வருசா வருசம் அவங்களுக்குன்னு காணிக்கை போட்டது நானு. அங்க போயிச் சொல்றதுக்குத்தான் போட்டேன். இங்க கூட்டியாறதுக்குப் போடலை."

"நான் அங்க போறதுக்கும் நீதானே அக்கா உடலை."

"உட்டிருக்கோணும். போயித் தொலைஞ்சிருந்தா இந்தக் கேவலம் இல்லை." அவள் மூச்சு வாங்கினாள். "சொல்லிப்புட்டேன். ஒரே பாத்திரம்னா நாங்க யாரும் எந்திரிச்சு வரமாட்டோம். உனக்கு அக்காவும் இல்லை, நானும் தம்பி பெக்கலைன்னு இருந்துக்கறேன்."

"நீ என்னைப் பெக்கலையே அக்கா, வளத்துனதுதானே" என்று சிரிக்கப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் கன்னையன் சும்மா இருக்கவில்லை. மிஷின் மிஷினாகப் போய், தனக்குத் தெரிந்த இந்தியில் "தும் ஜூட்டா, ஞாயித்துக்கெழமை கப்பு கிடையாது" என்று சொல்லிவிட்டான். டீ நேரத்தில் சுசீலா நேரே செக்கிங் மேஜைக்கு வந்து, அடுக்கிவைத்த பனியன் கட்டை ஒரு தட்டுத் தட்டிச் சரித்தாள்.

"உன் மாமா எங்களை ஜூட்டா சொன்னான். நாங்க என்ன பொய் சொன்னோம்? யேசு பேரை வச்சுப் பொய் சொல்லி உன் கோயிலுக்கு வந்தோமா?"

தங்கதுரைக்குச் சட்டென்று விளங்கியது. இந்தியில் எச்சிலுக்கு ஒரு சொல், பொய்யனுக்கு ஒரு சொல். அவர்கள் காதுக்கு இரண்டும் வேறு. நம் நாக்கில் இரண்டும் ஜூட்டாதான். கன்னையன் எச்சில் என்று வைதிருக்கிறான், இவர்கள் பொய்யன் என்று வாங்கியிருக்கிறார்கள்.

'ஆமாம், மாமன் தெரியாமல் பொய்யர் என்றுவிட்டார், மன்னித்துவிடு' என்றால் தீர்ந்தது. அந்த வார்த்தை அவன் தொண்டைவரைக்கும் வந்தது. ஆனால் பாத்திரத்தை நீட்டும்போது நடக்கப்போவதை இவர்கள் கண்ணால் பார்க்கத்தானே போகிறார்கள்?

"பொய்னு சொல்லலை அம்மிணி" என்றான். அடுத்ததைச் சொல்ல அவனுக்கு இந்தியும் வரவில்லை, தமிழும் வரவில்லை. மேஜைமேல் இருந்த தன் டீ கிளாஸை வாயில் வைத்தெடுத்து, அதையே அவளிடம் நீட்டுவதுபோல் காட்டி, வேண்டாமென்று கையாட்டினான். "இது. இந்த ஜூட்டா."

சுசீலா கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிவந்திருந்த முகம் வெளுத்தது.

"பொய்யின்னே சொல்லியிருக்கலாம்" என்றாள். "நீ ஏன் சொன்னே? நீயும் அப்படித்தானா?"

"நான் அப்படியில்லைங்க."

"பார்ப்போம். நாங்க வருவோம். உனக்காக இல்லை, உன் மாமாவுக்காகவும் இல்லை. அது எங்க கப்பும்தான்."

ஈஸ்டர் அன்று ஆலயம் நிறைந்திருந்தது. கன்னையன் கையில் துணிப்பை, அதற்குள் புது எவர்சில்வர் பாத்திரம். ஐயர் பயந்த மனுஷர். "தங்கதுரை, சண்டை எதுக்குப்பா, ரெண்டாத்தான் வச்சிருவோமே" என்றார் காதோடு.

"வையுங்க ஐயா. அதையும் நீங்களே கழுவி, நீங்களே ஊத்தோணும். நான் தொடமாட்டேனுங்க."

ஐயர் துணிப்பையைப் பார்த்தார், தங்கதுரையைப் பார்த்தார், பிறகு பழைய பாத்திரத்திலேயே எல்லாருக்கும் சேர்த்து ரசத்தை ஊற்றினார்.

வழக்கப்படி முதலில் எழவேண்டியது கன்னையன் வீடு. எழவில்லை. பெரியப்பன் மக்கள் எழவில்லை. சின்னம்மா மருமகன் பாயைப் பார்த்தபடி இருந்தான். பின்பாயிலிருந்து சுசீலா எழுந்தாள். முன்னால் இருந்தவர்கள் முழங்காலைக்கூட மடக்கி வழிவிடவில்லை. சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கால்களைத் தாண்டித் தாண்டி வந்தாள். யாரோ காறுகிற சத்தம் கேட்டது. அவள் கூட்டம் முழுவதும் அப்படியே வந்து, குடித்து, அதே கால்களைத் தாண்டித் திரும்பியது. அவர்கள் எல்லாருக்கும் கடைசியில் தங்கதுரை மண்டியிட்டான். பக்கத்தில் சித்ரகலா வந்து முழங்காலிட்டாள். அவள் புருஷன் பக்கம் திரும்பவே இல்லை. "என் சனத்தையெல்லாம் பகைச்சுப்போட்டே, பாவி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டுத்தான் பாத்திரத்துக்கு வாயைத் திறந்தாள்.

பாத்திரத்தில் பாதிக்குமேல் மிச்சம். சொந்தக்காரர்கள் எல்லாருக்குமாக ஊற்றியது. ஆசீர்வதித்த ரசத்தைக் கீழே ஊற்றக்கூடாது, குப்பியில் திரும்ப ஊற்றவும் கூடாது. மீந்ததை உபதேசியார் குடித்துத் தீர்க்கவேண்டும் என்பது முறை. ஐயர் பாத்திரத்தை நீட்டினார். தங்கதுரை வாங்கி, அத்தனை பேர் பார்க்க, அக்காள் பங்கு, மாமன் பங்கு, பெரியப்பன் மக்கள் பங்கு என்று ஒவ்வொரு மிடறாகக் குடித்தான். இனிப்பு ரசம்தான். அடிவயிறு வரை புளித்தது.

வெளியே செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் சுப்பாத்தாள் நின்றிருந்தாள். வைவாள் என்று நினைத்தான். வைதால் பரவாயில்லை, காலில் விழுந்துவிடலாம் என்றுகூட நினைத்தான்.

எங்கள் பக்கத்தில் தெருவில் போகிறவனுக்கும் 'ங்க' உண்டு. நாய் வளர்க்கிறவனிடம், நாய் கடிக்குமுங்களா என்றுதான் கேட்போம். ஆனால் கூடப்பிறந்தவன் என்றால் அது கிடையாது. டேய் என்கிற வாயிலிருந்து 'ங்க' வந்தால் அந்த உறவுக்குப் பாடை கட்டியாயிற்று என்று அர்த்தம்.

சுப்பாத்தாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அயல் வீட்டு விருந்தாளியிடம் சொல்வதுபோலத் தலையைக் குனிந்து சொன்னாள்.

"உபதேசியாருங்க, நாங்க போயிட்டு வர்றமுங்க."